கடிப்பது குதிரையா, சேணமா?

வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவரிடம் 7 வயதுப் பெண்குதிரை ஒன்று இருக்கிறது. வாங்கி 14 மாதங்கள் ஆகின்றன. வந்தபோது முதுகு வழவழவென்று இருந்தது, புகைப்படம்கூட வைத்திருக்கிறார். அவர் இருக்கும் பக்கத்தில் சேடில் ஃபிட்டர், அதாவது குதிரைக்கு அளந்து சேணம் பொருத்தித் தருபவர், என்று யாரும் கிடையாது. இருக்கும் ஒருவரும் பத்து மணி நேரப் பயணத் தொலைவில். அதனால் 'மீடியம்' என்று போட்டிருந்த பழைய தோல் சேணம் ஒன்றை இணையத்தில் பார்த்து வாங்கிவிட்டார். வைத்தபோதே முன்பக்கம் இறுக்கமாகத் தெரிந்திருக்கிறது. சவாரி சொல்லிக்கொடுப்பவர், "அடியில் கெட்டியாக ஒரு பேட் போடுங்கள்" என்றார். ஒன்று போட்டார், பிறகு இரண்டாக்கினார். இப்போது தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வெள்ளை முடி முளைத்திருக்கிறது. சேணம் எப்போதும் வலது பக்கமே சரிகிறது, வயிற்று வாரை எவ்வளவு இறுக்கினாலும் நிற்பதில்லை. வார் கட்டப் போனாலே குதிரை காதை மடக்கிக் கடிக்க வருகிறது.

அவருடைய கேள்விகள் இவை: இது குணக்கேடா? ஃபிட்டர் இல்லாமல், நானே அளந்து, தொலைவிலிருந்து சரியான சேணம் வாங்க முடியுமா? உள்ளே சட்டம் இல்லாத 'ட்ரீலெஸ்' சேணம் எல்லாக் குதிரைக்கும் பொருந்தும் என்கிறார்களே? பழைய சேணத்தை விற்றுவிடலாமா? கடைசியில், கூச்சத்தோடு: "நான் 74 கிலோ. குதிரை 390 கிலோ. தப்பு என் மேலா?"

வணக்கம் சகோதரி.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம், அதுதான் உங்கள் மனதில் கிடந்து உறுத்துகிறது என்று நினைக்கிறேன். நீங்களும் சேணமும் சேர்ந்த எடை குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பழைய கணக்கு. 2008-ல் வெளியான ஓர் ஆய்வில் குதிரைகள் மேல் அவற்றின் எடையில் 15, 20, 25, 30 சதவீதம் என்று ஏற்றிப் பார்த்தார்கள். 25-லும் 30-லும் தசைவலியும் இறுக்கமும் கூடின. உங்கள் தோல் சேணம் 8 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 82, அதாவது 21 சதவீதம். விளிம்பில் இருக்கிறீர்கள், குற்றவாளி இல்லை. 5 கிலோவில் செயற்கைப் பொருள் சேணம் எடுத்தாலே 20-க்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் ஒன்று உண்டு. விளிம்பில் இருப்பவரைச் சேணத்தின் பிழை மன்னிக்காது. அதே எடை முதுகு முழுக்கப் பரவினால் குதிரை சுமக்கும். நாலு விரல் அகல இடத்தில் குவிந்தால் சுமக்க முடியாது.

இனி அந்தக் 'குணக்கேடு'. காதை மடக்கியது அவள் கொடுத்த முதல் எச்சரிக்கை. யாரும் கேட்கவில்லை என்றதும் பல்லைக் காட்டுகிறாள். பிரிட்டனின் குதிரை எலும்பியல் நிபுணர் சூ டைசனும் அவர் குழுவினரும் சவாரியின்போது குதிரைகள் காட்டும் 24 நடத்தைகளைத் தொகுத்து 2018-ல் வெளியிட்டார்கள். காதை ஐந்து நொடிக்கு மேல் பின்னால் மடக்கி வைப்பது, வாயைத் திறந்து திறந்து மூடுவது, வாலைச் சுழற்றுவது, தடுக்குவது என்று போகும் பட்டியல் அது. 24-ல் 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் தசையிலோ எலும்பிலோ மூட்டிலோ வலி இருக்க வாய்ப்பு மிக அதிகம். யாரையாவது ஒரு சவாரியைப் படம் பிடிக்கச் சொல்லி, ஆற அமர உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். சேணத்தின் மேலிருந்தபடி எண்ண முடியாது. நமக்குத் தெரிவது இரண்டு காதுகள் மட்டும்தான்.

வெள்ளை முடியை வயதின் அடையாளமோ என்று கேட்டிருந்தீர்கள். 7 வயதில் ஏது நரை? அழுத்தம் தொடர்ந்து விழும் இடத்தில் முடிக்கு நிறம் தரும் செல்கள் சிதைந்துபோகின்றன. அடுத்து முளைக்கும் முடி வெள்ளையாக வருகிறது. அதாவது இன்று நீங்கள் பார்ப்பது சில மாதங்களுக்கு முன் நடந்த சேதத்தின் ரசீது. வாங்கியபோது எடுத்த படத்தில் அது இல்லாததால் பழைய உரிமையாளர் மேல் பழிபோட வழியில்லை. அந்த முடி மறுபடி கறுக்காமலே போகலாம், அதற்காக வருந்த வேண்டாம். முடிக்குக் கீழே தசை என்ன ஆனது என்பதுதான் கவலைக்குரியது. கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் இருக்கும் தோள்மேட்டுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மேடாக இருக்க வேண்டிய இடத்தில் குழி தட்டுப்பட்டால் அங்கே தசை வற்றியிருக்கிறது.

சேணத்துக்கு முன் மருத்துவர்

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வெள்ளை முடி அல்ல. சேணம் 'எப்போதும் வலது பக்கமே' சரிகிறது என்ற வரி. நீங்கள் அதைச் சேணத்தின் குற்றம் என்றே எடுத்துக்கொண்டீர்கள். பலரும் அப்படித்தான். ஆனால் லைன் கிரீவ் என்பவரும் மேலே சொன்ன டைசனும் நொண்டும் குதிரைகளை ஆராய்ந்தபோது, பின்னங்கால் நொண்டலுக்கும் சேணம் ஒரு பக்கம் சரிவதற்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். வலிக்கும் காலை ஊசி போட்டு மரக்கச் செய்ததும் பல குதிரைகளில் அதே சேணம், அதே சவாரிக்காரர், சரிவது நின்றுவிட்டது. அந்த நொண்டல் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாகவும் இருக்கலாம். உங்கள் குதிரைக்கு அது இருக்கிறது என்று கடிதத்தைப் படித்து நான் சொல்ல முடியாது. இரண்டு தோள்களும் ஒரே அளவில் இல்லாமல் இருக்கலாம், சேணத்தின் அடியில் முதுகைத் தொடும் மெத்தையான பேனலுக்குள் திணிப்பு ஒரு பக்கம் அமுங்கியிருக்கலாம், நீங்களே ஒருக்களித்து உட்காரும் பழக்கம் உள்ளவராக இருக்கலாம். ஆனால் மருத்துவர் பார்க்காமல் புதுச் சேணத்தில் பணம் போட்டால், அந்தப் புதுச் சேணமும் வலது பக்கம் சரியும்.

வார் கட்டும்போது கடிப்பதற்கும் சேணம் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இரைப்பைப் புண் உள்ள குதிரைகளும் அப்படிச் செய்வதுண்டு. முதுகின் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று நெருங்கி உரசினாலும் செய்யும். ஆகவே மருத்துவரிடம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்: கால், முதுகு, வயிறு. பார்த்து முடியும்வரை அந்தச் சேணத்தை ஏற்ற வேண்டாம். தரையில் நின்று பயிற்சி கொடுக்கலாம், கூட்டிக்கொண்டு நடக்கலாம். வற்றிய தசை திரும்புவதற்கும் இந்த ஓய்வு வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், முதுகுப் புண்ணோடு வந்த குதிரை ஒன்றுக்கு மூன்று வாரம் மருந்து போட்டு ஆற்றினேன். ஒரு மாதத்தில் அதே இடத்தில் அதே புண்ணோடு திரும்பி வந்தது. மறுபடி ஆற்றினேன். மூன்றாவது முறைதான் சேணத்தைக் கொண்டுவரச் சொல்லித் திருப்பிப் பார்த்தேன். பேனலுக்குள் திணிப்பு உருண்டு திரண்டு எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டியாகக் கிடந்தது. அன்றிலிருந்து முதுகுவலி என்று குதிரை வந்தால் சேணமும் கூடவே வர வேண்டும்.

இரண்டு பேட் செய்த வேலை

உங்கள் பயிற்சியாளரைக் குறை சொல்லவில்லை, நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் இறுகிக் கடிக்கிற செருப்புக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டால் என்ன ஆகும்? சேணத்தின் உள்ளே ட்ரீ என்ற கெட்டிச் சட்டம் இருக்கிறது. அதன் முன் வளைவின் இரண்டு முனைகளும் தோளுக்குப் பின்னால் இறங்குகின்றன. வளைவு குறுகலாக இருந்தால் அந்த முனைகள் இடுக்கி மாதிரி பிடிக்கும். பேட் போடப் போட இடுக்கிக்குள் இடம் இன்னும் குறைகிறது, சேணம் மேலெழுந்து ஆட்டம் காண்கிறது. ஆடுகிறதே என்று வாரை இறுக்குகிறோம். கடி கூடுகிறது.

ஊருக்கு ஊர் ஃபிட்டர் இல்லாத இந்தத் திண்டாட்டம் பழையது. பல்லாயிரம் குதிரைகளை வைத்திருந்த படைகள் ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்துச் சேணம் தைக்க முடியாது. அமெரிக்கப் படை 1859-ல் ஏற்றுக்கொண்ட மெக்லெல்லன் சேணத்தில் முதுகெலும்புக்கு நேராக நீளத் திறப்பு விட்டு, அடியில் மடித்த கம்பளியைப் போட்டார்கள். போர்க்காலத்தில் குதிரை இளைத்தால் கம்பளியின் மடிப்பை மாற்றிச் சரிக்கட்டுவார்கள். சேணத்துக்கு அடியில் போடும் மெத்தையை ஆங்கிலத்தில் 'நம்னா' என்பார்கள். அழுத்திச் செய்த கம்பளியைக் குறிக்கும் 'நம்தா' என்ற சொல்தான் பாரசீகம், இந்துஸ்தானி வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இட்டு நிரப்புவதற்கு முதலில் இடம் வேண்டும். சற்று அகலமான சேணத்தை மெத்தையால் நிரப்பிச் சரிசெய்யலாம். குறுகிய சேணத்தை எந்த மெத்தையாலும் விரிக்க முடியாது. ரொம்ப அகலமானதை எடுத்தால் அது முன்பக்கம் இறங்கித் தோள்மேட்டின் எலும்பிலேயே உட்காரும், அதுவும் ஆபத்து. 'சற்று' என்ற சொல்லை மறக்காதீர்கள்.

முதுகைக் காகிதத்தில் இறக்குவது

இப்போது உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். நீங்களே அளக்க முடியுமா? முடியும். அளவெடுப்பதற்கு ஃபிட்டர் வேண்டியதில்லை, அளவைப் படிப்பதற்குத்தான் அவர் வேண்டும். அவர் பத்து மணி நேரத் தொலைவில் இருந்தாலும் காகிதம் போய்ச் சேரும்.

வரைபடம் போடுபவர்கள் பயன்படுத்தும் 'ஃப்ளெக்ஸி கர்வ்' என்ற வளையும் அளவுகோல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், 60 செ.மீ.க்குக் குறையாமல். கிடைக்காவிட்டால் வளைத்தால் வளைத்தபடியே நிற்கும் தடித்த மின்கம்பி போதும். குதிரை மட்டமான கெட்டித் தரையில், நான்கு காலும் சமமாக ஊன்றி, தலை இயல்பான உயரத்தில் இருக்க நிற்க வேண்டும். தீவனம் காட்டக் கூடாது. தலையைத் தாழ்த்தினால் முதுகின் வடிவமே மாறிவிடும்.

முதலில் தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைக் கண்டுபிடியுங்கள். இன்னொருவர் முன்னங்காலை முன்னால் தூக்கி நீட்ட, நீங்கள் தோளின் மேல்பகுதியில் கை வைத்திருந்தால் எலும்பு பின்னோக்கி நழுவுவதை உணர்வீர்கள். நடக்கும் ஒவ்வொரு அடியிலும் அது அப்படித்தான் நழுவுகிறது. அந்த இடத்துக்குள் ட்ரீயின் முனை இருந்தால் அடிக்கு ஓர் இடி. காலை இறக்கியதும் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டு, அதற்கு இரண்டு விரல் பின்னால் முதல் வளைவை எடுங்கள். அளவுகோலை முதுகின் குறுக்கே அழுத்தாமல் படியவைத்து, இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, கலையாமல் தூக்கித் தடித்த காகிதத்தில் உள்விளிம்பைப் பென்சிலால் வரையுங்கள். இரண்டாவது வளைவு, முதுகின் மிகத் தாழ்ந்த இடத்தில். மூன்றாவது, கடைசி விலா எலும்பு இருக்கும் இடத்தில். குதிரைக்குப் பெரும்பாலும் 18 ஜோடி விலா, சில அரபுக் குதிரைகளுக்கு 17. விலாப்புறத்தில் கடைசி எலும்பைத் தடவிப் பிடித்து, அது சாயும் வாக்கிலேயே மேலே போனால் முதுகில் அது சேரும் இடம் தெரியும். சேணத்தின் எடை தாங்கும் பகுதி அதைத் தாண்டக் கூடாது, அதற்குப் பின்னால் முட்டுக்கொடுக்க விலா கிடையாது. நான்காவது கோடு நீளவாட்டில், தோள்மேட்டிலிருந்து கடைசி விலா வரை முதுகெலும்பின் மேல். இந்தக் கோட்டைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். முதுகு பலகை மாதிரி நேராக இருக்கிறதா, தொட்டில் மாதிரி குழிந்திருக்கிறதா என்பதை இதுதான் சொல்லும்.

ஒவ்வொன்றையும் இரண்டு முறை எடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் குதிரை நகர்ந்திருக்கிறது, மூன்றாவது எடுங்கள். இடது, வலது, தேதி மூன்றையும் அங்கேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று நினைத்தவர்கள் இடத்தையும் வலத்தையும் மாற்றி எழுதியதை நிறையப் பார்த்திருக்கிறேன். கூடவே இரண்டு பக்கப் படங்கள், கேமரா முதுகின் உயரத்தில் இருக்கும்படி. பின்னாலிருந்து ஒரு படம், பாதுகாப்பான தொலைவில் முக்காலி போட்டு ஏறி நின்று. கடைசியாக, பேட் இல்லாமல் இப்போதைய சேணத்தை வைத்து அதே படங்கள். பொருந்தாத சேணத்தின் படத்திலிருந்து ஒரு நல்ல ஃபிட்டர் நிறையத் தெரிந்துகொள்வார்.

இந்த வளைவுகளை அட்டையில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி வைத்துப் பார்த்தால் குதிரை எங்கே நிரம்பியிருக்கிறது, எங்கே வற்றியிருக்கிறது என்று தெரியும். முதுகு நிலையான பொருள் அல்ல. எடை, பயிற்சி, பருவகாலம் எல்லாவற்றோடும் மாறும். அரைமணி நேரம் நன்றாக வேலை செய்த குதிரையின் முதுகு, சவாரி முடிந்த கையோடு அளந்தால் சற்று அகலமாகவே இருப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதனால் எப்போதும் ஓய்வாக இருக்கும்போதே அளவெடுங்கள்.

எந்தச் சேணம்?

'மீடியம்', 'வைட்' என்ற சொற்களை நம்பாதீர்கள். இவற்றுக்குப் பொதுவான அளவு கிடையாது, ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் வைட் ஆக இருக்கும். விற்பவரிடம் ட்ரீயின் முன்வளைவை அட்டையில் வரைந்து அனுப்பச் சொல்லுங்கள், அல்லது உங்கள் அட்டையை அனுப்பி உள்ளே வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

முன்வளைவை மாற்றிக்கொள்ளும் சேணங்கள் இருக்கின்றன, விண்டெக் அவற்றில் பரவலாகத் தெரிந்தது. "எந்தக் குதிரைக்கும் சரியாகும்" என்று உங்களிடம் விற்பனையாளர் சொன்னதில் பாதி உண்மை. முன்வளைவின் தகட்டை மாற்றினால் முன்பக்க அகலம் மாறும். ட்ரீ நீளவாட்டில் வளைந்திருக்கும் விதம் மாறாது. நேரான முதுகின் மேல் வளைந்த ட்ரீயை வைத்தால் ஆடுகுதிரை மாதிரி முன்னும் பின்னும் ஆடும். குழிந்த முதுகின் மேல் நேரான ட்ரீயை வைத்தால் முன்னும் பின்னும் மட்டும் தொட்டு நடுவில் பாலம் போல நிற்கும். அந்த நான்காவது கோட்டை எடுக்கச் சொன்னது இதற்குத்தான்.

திணிப்பு கம்பளியா, ஃபோமா என்று கேட்டிருந்தீர்கள். ஃபிட்டர் பக்கத்தில் இருந்தால் யோசிக்காமல் கம்பளி என்பேன், கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் கம்பளி முதல் சில மாதங்களில் அமுங்கும், அப்போது திறந்து சரிசெய்ய ஆள் வேண்டும். தோல் வேலை தெரிந்த யாரோ ஒருவரிடம் கொடுத்து 'இன்னும் கொஞ்சம் அடையுங்கள்' என்று சொல்லிவிடாதீர்கள். எலுமிச்சம்பழக் கதை அப்படித்தான் தொடங்கியது.

எல்லாவற்றையும் வைத்து நான் உங்களுக்குச் சொல்வது இது. அவள் முதுகு இப்போது வற்றிய நிலையில் இருக்கிறது. ஓய்வும் சரியான பயிற்சியும் கிடைத்தால் ஆறு மாதம், ஒரு வருடத்தில் நிறைய மாறும். இன்றைய வடிவத்துக்கு விலையுயர்ந்த தோல் சேணம் வாங்கினால் அடுத்த வருடம் அது இறுகும். அதனால் இப்போதைக்கு, முன்வளைவை மாற்றக்கூடிய, எடை குறைந்த செயற்கைப் பொருள் சேணம் ஒன்று. ட்ரீயின் வடிவம் உங்கள் நான்காவது கோட்டோடு ஒத்துப்போக வேண்டும், முன்பக்கம் சற்று அகலமாக இருக்க வேண்டும். குழிகளை நிரப்ப, 'ஷிம்' எனப்படும் துண்டுகளைச் செருகும் பைகள் கொண்ட பேட். தசை வளர வளர ஒவ்வொரு ஷிம்மாக எடுத்துவிடலாம். தோல் சேணத்தைப் பற்றி முதுகு நிலைபெற்ற பிறகு யோசிக்கலாம்.

ட்ரீலெஸ் பற்றி: உங்கள் விஷயத்தில் வேண்டாம். சட்டம் இல்லாததால் தோளைப் பிடிக்காது என்பது சரி. ஆனால் சட்டத்தின் வேலையே எடையைப் பரப்புவதுதான். அது இல்லாமல் உங்கள் எடை உட்காரும் இடத்திலும் அங்கவடி தொங்கும் இடத்திலும் குவியும், முதுகெலும்புக்கு மேல் இடைவெளியும் பேட் கொடுத்தால்தான் உண்டு. எடை குறைந்தவர், குறைந்த நேரச் சவாரி, முதுகுத்தசை நிறைந்த குதிரை என்றால் சிலருக்கு ஒத்துவருகிறது. வலதுபக்கம் சரியும் குதிரைக்கு அது இன்னும் எளிதாகச் சுழலும்.

தொலைவிலிருந்து வாங்கும்போது

வாய்மொழியை நம்பிப் பணம் அனுப்ப வேண்டாம். சோதித்துப் பார்க்க எத்தனை நாள், அந்த நாட்களில் ஏறி ஓட்டலாமா இல்லை வைத்துப் பார்க்க மட்டுமா, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, எந்த மாதிரித் தழும்பு விழுந்தால் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிடுங்கள், ஏற்கெனவே இருந்த கீறல் உங்கள் தலையில் விழாது. அங்கவடி வார் உரசித் தழும்பு விழாமல் இருக்க அதன் மேல் பழைய சாக்ஸை மாட்டிவிட்டு ஓட்டுங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். திருப்பி அனுப்பும் நாளில் அருமை தெரியும்.

வந்ததும் பேட் இல்லாமல் வையுங்கள். தோள்மேட்டுக்கு முன்னால் வைத்து மெல்லப் பின்னால் நகர்த்தினால் அது தானாக ஓர் இடத்தில் நிற்கும். அதுதான் அதன் இடம், நீங்கள் விரும்பும் இடம் இல்லை. அங்கே அது தோள்பட்டை எலும்பின் மேல் ஏறாமல், கடைசி விலாவைத் தாண்டாமல் இருக்க வேண்டும். இருக்கையின் மேல் உருண்டைப் பென்சில் ஒன்றை வைத்தால் நடுவில் வந்து நிற்க வேண்டும். முன்பக்கம் ஓடினால் சேணம் முன்னால் இறங்கியிருக்கிறது, பின்பக்கம் ஓடினால் முன்னால் தூக்கியிருக்கிறது. அடியில் கையை நுழைத்து முன்னிருந்து பின்வரை தடவினால் ஒரே சீரான அழுத்தம் தெரிய வேண்டும். பின்னால் நின்று பார்த்தால் இரண்டு பேனல்களுக்கும் இடையிலுள்ள நடுக்கால்வாயில் வெளிச்சம் தெரிய வேண்டும், அதன் அகலம் முழு நீளத்துக்கும் மூன்று நான்கு விரல். பிறகு வாரைக் கட்டி, முக்காலியிலிருந்து ஏறி உட்காருங்கள். தரையிலிருந்து அங்கவடியில் தொங்கி ஏறினால் எந்தச் சேணமும் முறுக்கிக்கொள்ளும். நீங்கள் உட்கார்ந்த பிறகும் தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடம் மிச்சம் இருக்கிறதா என்று கீழே நிற்பவர் பார்க்கட்டும்.

அடுத்து வெள்ளைத்துணிச் சோதனை. குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டாத நாளில், முதுகில் கொஞ்சம் தூசி இருக்கும்போதே, பேடுக்குப் பதில் மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியைப் போட்டு இருபது நிமிடம் நடையும் ட்ராட் எனப்படும் மெல்லோட்டமும் ஓட்டுங்கள். துணியில் படியும் அழுக்கு, அழுத்தத்தின் வரைபடம். இரண்டு பக்கமும் ஒன்றுபோல், சீராக இருந்தால் நல்லது. நடுவில் வெளுப்பும் முன்பின் கறுப்பும் இருந்தால் பாலம் போட்டிருக்கிறது. முதுகில் வியர்வையில்லாத உலர்ந்த திட்டைப் பார்த்து உடனே பயப்பட வேண்டாம். கடும் அழுத்தத்தாலும் அப்படி வரும், சேணம் தொடாததாலும் வரும். துணியையும் சேர்த்துப் பார்த்தால் எது என்று புரியும்.

மறுநாள் காலை விரல்நுனியால் முதுகெலும்பின் இரு பக்கமும் மிதமாக அழுத்திக்கொண்டே போங்கள். தசை துள்ளுகிறதா, அவள் முதுகைத் தாழ்த்தி விலகுகிறாளா என்று பாருங்கள். சேணம் வருவதற்கு முந்தின நாளும் இதைச் செய்திருந்தால்தான் வித்தியாசம் தெரியும். இவை எல்லாவற்றையும் படமெடுத்து ஃபிட்டருக்கு அனுப்புங்கள். யார் தகுதியானவர் என்று தேடும்போது அவருக்கு முறையான பயிற்சிச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். 1966-ல் தொடங்கிய பிரிட்டனின் 'சொசைட்டி ஆஃப் மாஸ்டர் சேட்லர்ஸ்' போன்ற அமைப்புகள் தேர்வு வைத்து ஃபிட்டர்களுக்குச் சான்று தருகின்றன. படத்தைப் பார்த்து "இது சரி" என்று மட்டும் சொல்பவரைவிட "இந்தக் கோணத்தில் இன்னொரு படம் அனுப்புங்கள்" என்று கேட்பவரை நான் நம்புவேன். தன்னிடம் இருக்கும் ஒரே பிராண்டுதான் உங்கள் குதிரைக்கும் பொருந்தும் என்பவர் என்றால் இன்னொருவரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பத்து மணி நேரத் தொலைவுக்காரரை ஒருமுறையாவது வரவழைக்கப் பாருங்கள். உங்கள் ஒரு குதிரைக்காக அவர் கிளம்ப மாட்டார். சுற்றுவட்டாரத்தில் ஆறேழு குதிரைக்காரர்களைச் சேர்த்து ஒரே நாளில் என்று சொன்னால் வருவார், பயணச் செலவும் பங்காகிவிடும். அந்த நாளில் நீங்கள் எடுத்த கோடுகளையும் அவர் எடுக்கும் கோடுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த முறை உங்கள் கோடுகளை அவரே நம்புவார்.

பழைய சேணம்

விற்கலாமா என்பது ட்ரீயைப் பொறுத்தது. சேணத்தின் முன்பக்கத்தை வயிற்றில் முட்டுக்கொடுத்து, பின்விளிம்பைக் கையால் உங்கள் பக்கம் இழுங்கள். நடுவில் மடிந்தாலோ மடமடவென்று சத்தம் கேட்டாலோ, இருக்கைத் தோலில் ஆழமான சுருக்கம் விழுந்தாலோ சட்டம் போய்விட்டது. ஸ்ப்ரிங் வைத்த ட்ரீ கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முன்வளைவின் இரண்டு பக்கங்களையும் உள்நோக்கி அழுத்துங்கள், அங்கே துளியும் அசைவு இருக்கக் கூடாது. கவிழ்த்து வைத்துப் பேனல்கள் இரண்டும் ஒரே உயரமா என்று பாருங்கள், வார் மாட்டும் பட்டைகளின் தையலை இழுத்துப் பாருங்கள். ட்ரீ நன்றாக இருந்தால் அதன் முன்வளைவை அட்டையில் வரைந்து, எந்த மாதிரி முதுகில் பொருந்தவில்லை என்பதையும் எழுதி விற்றுவிடுங்கள். குறுகிய தோள் உள்ள ஏதோ ஒரு குதிரைக்கு அது பொருந்தக்கூடும். ட்ரீ முறிந்திருந்தால் யாருக்கும் கொடுக்க வேண்டாம், இலவசமாகக்கூட. கொக்கிகளையும் அங்கவடி வார்களையும் கழற்றி வைத்துக்கொண்டு, மீதியைத் தோல் வேலை பழகும் யாராவது பிரித்துப் பார்க்கக் கேட்டால் தரலாம், இனி குதிரை மேல் ஏறாது என்ற நிபந்தனையோடு.